8-10இலிருந்து 17-10: லீமிங்டன் ஸ்பாவில் இந்திய லான் பௌல்ஸ் நால்வர்

2022 ஆகஸ்ட் 2, செவ்வாய்க்கிழமை. இங்கிலாந்தில் ராயல் லீமிங்டன் ஸ்பா என்ற சிறு நகரத்தின் விக்டோரியா பூங்கா. புல்திடலில் பந்தை உருட்டி இலக்கை நெருங்கும் ஆட்டம் லான் பௌல்ஸ். பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் அது இங்கேதான் நடந்தது. பெண்கள் நால்வர் பிரிவின் இறுதி ஆட்டத்தில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி டிர்க்கி ஆகிய நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்றார்கள். 1930இல் காமன்வெல்த் போட்டி தொடங்கியதிலிருந்து, 1966 கிங்ஸ்டன் போட்டி ஒன்றைத் தவிர, எல்லாவற்றிலும் இந்த ஆட்டம் உண்டு. இந்தியாவுக்கு இதில் கிடைத்த முதல் பதக்கம் இதுதான். அதுவே தங்கமாகவும் அமைந்தது.

மறுநாள் செய்திகளில் ஒருவர் போலீஸ் கான்ஸ்டபிள், ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் மாவட்ட விளையாட்டு அதிகாரி என்ற விவரம்தான் முன்னால் நின்றது. உண்மைதான், சுவையான விஷயமும்கூட. ஆனால் ஆட்டம் எப்படி ஆடப்பட்டது என்பது அதில் காணாமல் போயிற்று. ஏழு எண்ட் (ஆட்டத்தின் ஒரு சுற்றுக்கு எண்ட் என்று பெயர்) முடிந்தபோது 8-2 என்று முன்னால் இருந்த அணி, பிறகு 8-8 ஆகி, 8-10 என்று பின்தங்கியது. அங்கிருந்து எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் ஒன்பது புள்ளி எடுத்து முடித்தது. எட்டுப் புள்ளி தொடர்ந்து போவதும் ஒன்பது புள்ளி தொடர்ந்து வருவதும் ஒரே ஆட்டத்தில் எப்படி நடக்கும்? மனத்திடம், போராட்ட குணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதைவிடத் தெளிவான காரணம் ஆட்டத்தின் விதியிலேயே இருக்கிறது.

நேராகப் போகாத பந்து

கோலிக்குண்டு விட்ட திசையில் ஓடும். லான் பௌல்ஸ் பந்து அப்படி ஓடாது. கையில் எடுத்துப் பார்த்தால் இரு பக்கமும் சற்றுத் தட்டையாக, பரங்கிக்காய் போல இருக்கும். ஒரு பக்கத்து வளைவும் மறுபக்கத்து வளைவும் ஒன்றாக இருக்காது. இந்தச் சமனின்மைக்குப் பயஸ் என்று பெயர். பந்தின் ஒரு பக்கம் பெரிய முத்திரையும் மறுபக்கம் சிறிய முத்திரையும் பொறித்திருப்பார்கள். சிறிய முத்திரை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பந்து சாய்ந்து வளையும். விட்டம் 11 முதல் 13 சென்டிமீட்டர் வரை, எடை அதிகபட்சம் 1.59 கிலோ. கைக்கு ஏற்ற அளவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: இரண்டு கைகளின் கட்டைவிரலும் நடுவிரலும் பந்தைச் சுற்றிப் பிடித்தால் முனைகள் தொட்டுக்கொள்ள வேண்டும். தொடாவிட்டால் பந்து பெரிது. பெரிய பந்தை வைத்துக்கொண்டு குளிர்ந்த ஈரக் காலையில் ஆடினால் கையை விட்டு நழுவும்.

இலக்கு, ஜாக் என்னும் சின்ன வெள்ளை அல்லது மஞ்சள் உருண்டை. விட்டம் 63 முதல் 64 மில்லிமீட்டர், எடை 225 முதல் 285 கிராம். இதற்குப் பயஸ் இல்லை, நேராக ஓடும். 31 முதல் 40 மீட்டர் நீளமுள்ள புல்திடலை 4.3 முதல் 5.8 மீட்டர் அகலமுள்ள பட்டைகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பட்டை ஒரு ரிங்க். ஒரு முனையில் 60 சென்டிமீட்டர் நீளமும் 36 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பாயை விரித்து, அதன் மேல் நின்று ஜாக்கை உருட்ட வேண்டும். பாயின் முன்விளிம்பிலிருந்து ஜாக் குறைந்தது 23 மீட்டர் போய் நிற்க வேண்டும். பிறகு அதை ரிங்கின் நடுக்கோட்டுக்கு நகர்த்தி வைப்பார்கள். அங்கிருந்து பந்துகள்.

வலக்கையால் ஆடுபவர் பந்தை வலப்பக்கம் விலக்கி அனுப்பி, அது இடப்பக்கம் திரும்பி ஜாக்கிடம் வருமாறு செய்தால் ஃபோர்ஹேண்ட். பந்தைக் கையில் திருப்பிப் பிடித்து இடப்பக்கம் அனுப்பினால் பேக்ஹேண்ட். ஓட்டத்தின் முதல் பகுதியில் வளைவு அவ்வளவாகத் தெரியாது. வேகம் தணியத் தணியத்தான் பந்து சாயும், கடைசி சில மீட்டரில் சட்டென்று உள்ளே திரும்பும். அதனால் பார்க்க வேண்டிய இடம் ஜாக் அல்ல, வெளியே புல்லில் ஒரு புள்ளி. புதிதாக ஆடுபவர் கண்ணை ஜாக்கின் மேல் வைத்துவிடுவார். கையும் கண் போன பக்கமே போகும். பந்து ஜாக்குக்கு முன்பே நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் போய்விடும். இதற்குக் குறுகிய பந்து என்று பெயர். இதைவிட மானக்கேடான தவறு ஒன்று உண்டு. முத்திரையைப் பார்க்காமல் பந்தைத் தலைகீழாகப் பிடித்து விட்டால், உள்ளே வளைய வேண்டியது வெளியே வளைந்து பக்கத்து ரிங்குக்குப் போய்விடும். சர்வதேச ஆட்டக்காரர்களுக்கும் எப்போதாவது இது நடக்கும். பக்கத்து ரிங்க்காரர்கள் மரியாதைக்குச் சிரிக்காமல் இருப்பார்கள்.

ஓடிவரும்போது ஜாக்கைத் தொட்ட பந்து டச்சர். அதன் மேல் சாக்பீஸால் குறி இடுவார்கள். டச்சர் பின்னால் உள்ள பள்ளத்தில் விழுந்தாலும் ஆட்டத்தில் இருக்கும், மற்றவை விழுந்தால் செத்தவை. எல்லாப் பந்தும் முடிந்ததும் எதிரணியின் மிக நெருங்கிய பந்தைவிட ஜாக்குக்கு அருகில் எத்தனை பந்து இருக்கிறதோ அத்தனை புள்ளி. புள்ளி ஒரு அணிக்குத்தான், மற்றதற்குப் பூஜ்யம். இவ்வளவும் முடிந்தால் ஒரு எண்ட். அடுத்த எண்ட் மறுமுனையிலிருந்து.

முதலில் ஆடுவது வரமா சாபமா

நால்வர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு பந்து. இரு அணிக்கும் சேர்த்து ஒரு எண்ட்டுக்கு 16 பந்து, அதிகபட்சப் புள்ளி எட்டு. பர்மிங்ஹாமில் 15 எண்ட். முதல் எண்ட்டில் யார் தொடங்குவது என்பது டாஸில் தீரும். அதற்குப் பிறகு, முந்தைய எண்ட்டை வென்ற அணிதான் பாயை வைத்து, ஜாக்கை உருட்டி, முதல் பந்தை விட வேண்டும். இந்தக் கட்டுரைக்கு முக்கியமான விதி இது ஒன்றுதான்.

வென்ற அணி முதலில் ஆடுகிறது என்றால் தோற்ற அணிக்குக் கடைசிப் பந்து. பதினைந்து பந்துகள் போய் நின்ற பிறகு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று முழுக்கத் தெரிந்து விடும் பதினாறாவது பந்து அது. சரிந்துபோன எண்ட்டை அந்த ஒரு பந்தால் காப்பாற்றலாம். ஆகவே பின்தங்கியவருக்கு விதியே கைகொடுக்கிறது என்று தோன்றும்.

வென்ற அணிக்கும் ஒன்று கிடைக்கிறது. தூரத்தை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். பாயை முன்னால் தள்ளி விரிக்கலாம், பின்னால் விரிக்கலாம். ஜாக்கை 23 மீட்டரைத் தாண்டியதும் நிறுத்தலாம், எதிர்முனைப் பள்ளத்துக்கு இரண்டு மீட்டர் முன்புவரை கொண்டுபோகலாம். எதிரணி எந்தத் தூரத்தில் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்தால் அந்தத் தூரத்தையே திரும்பத் திரும்பக் கொடுக்கலாம். நம் கை படிந்த தூரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளலாம்.

இறுதி ஆட்டத்தின் புள்ளிகளை இதை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும். 8-2இலிருந்து 8-10 வரை தென்னாப்பிரிக்கா வரிசையாக எட்டுப் புள்ளி எடுத்தது. அந்த ஓட்டத்தில் முதல் எண்ட்டைத் தவிர மற்றவற்றில் கடைசிப் பந்து இந்தியாவிடம் இருந்தது. பயன்படவில்லை. அதன் பிறகு இந்தியா வரிசையாக ஒன்பது. ஒரு எண்ட்டில் எட்டுக்கு மேல் எடுக்க முடியாது, ஆகவே இது ஒரே எண்ட்டில் நடந்ததல்ல. முதல் எண்ட்டுக்குப் பிறகு கடைசிப் பந்து முழுக்கத் தென்னாப்பிரிக்காவிடம். அவர்களுக்கும் பயன்படவில்லை. இரண்டு ஓட்டத்திலும் ஜாக் யார் கையில் இருந்ததோ அவர்கள் பக்கமே ஆட்டம் சாய்ந்திருக்கிறது. அன்றைக்கு அந்தத் திடலில் கடைசிப் பந்தைவிடத் தூரத்தைத் தீர்மானிப்பது பெரிய ஆயுதமாக இருந்தது என்பதே இதற்குப் பொருள். ஏன் என்பதற்குப் புல்லைப் பார்க்க வேண்டும்.

கனமான புல்

திடலின் வேகத்தை நொடிக்கணக்கில் சொல்வார்கள். கையை விட்ட பந்து சுமார் 27 மீட்டர் போய் நிற்க எத்தனை நொடி ஆகிறது என்பதே கணக்கு. இங்கே ஒரு குழப்பம் வரும். நொடி குறைவாக இருந்தால் வேகமான திடல் என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர் எதிர். புல் கனமாக இருந்தால் பந்தை வலுவாக விட வேண்டும், அது விரைந்து போய்ச் சீக்கிரமே நின்றுவிடும். நொடி குறையும். புல் நைசாக இருந்தால் மெல்ல விட்டால் போதும், பந்து ஆற அமர ஊர்ந்து போகும். நொடி கூடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துத் திடல்கள் 14 நொடிக்கு மேல் போவது சாதாரணம். இங்கிலாந்தில் வெளித்திடல்கள் பொதுவாகப் பத்து, பன்னிரண்டு நொடிக்குள் அடங்கிவிடும்.

வெப்ப நாடுகளில் பெரும்பாலும் பெர்முடா இனப் புல் வளர்ப்பார்கள். நம் அருகம்புல் அந்த இனம்தான். தரையோடு படர்வது, ஒட்ட வெட்டினாலும் தாங்குவது. இங்கிலாந்தில் குளிர்ப்பிரதேசப் புல் வகைகள்: மெல்லிய இழை, மென்மை, காலைப்பனியை வெகுநேரம் தாங்கி நிற்கும் குணம். நைசான திடலில் பழகிய கை இங்கே வந்தால் முதல் நாள் எல்லாப் பந்தும் குட்டையாக விழும். வலுவைக் கூட்டினால் அடுத்த சிக்கல்: வேகமாகப் போகும் பந்துக்கு வளைய நேரமில்லை. ஆகவே வெளியே எடுக்கும் கோணத்தைக் குறைக்க வேண்டும். பழைய கோணத்திலேயே விட்டால் பந்து திரும்பி வராமல் வெளியிலேயே நின்றுவிடும். இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் வெளித்திடலுக்கு அதிகம் வளையும் பந்துகளையும், உள்ளரங்குக்கும் ஆஸ்திரேலியப் பயணத்துக்கும் குறைவாக வளையும் பந்துகளையும் வைத்திருப்பது இதனால்தான்.

கனமான திடலில் ஒரு மீட்டர் தூரம் கூடினால் கைக்கு அதிகமாகத் தெரியும். ஒவ்வொரு பந்தையும் உந்தித் தள்ள வேண்டியிருப்பதால் நீண்ட தூரத்தில் வலுவைச் சரியாக நிறுத்துவது கடினம். தூரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எதிரணியின் கை ஒருபோதும் படியாது. நைசான திடலில் மெல்லிய தொடுகையால் சரிசெய்துகொள்வதை இங்கே தோளும் தொடையும் செய்ய வேண்டும். ஜாக்கை உருட்டும் உரிமைக்கு இந்தப் புல்லில் விலை கூடுவது இதனால்.

குழுச்சுற்றில் இந்தியா இங்கிலாந்திடம் 9-18 என்று தோற்றதை இந்தப் பின்னணியில் பார்த்தால் வியப்பில்லை. சொந்தப் புல்லில் ஆடும் அணி அது. விக்டோரியா பூங்காவில்தான் இங்கிலாந்தின் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. 1996, 2004 பெண்கள் உலகப் போட்டிகளும் இங்கேதான் நடந்தன. அதற்குப் பிறகு இந்தியா குக் தீவுகளையும் கனடாவையும் வென்றது, காலிறுதியில் நார்ஃபோக் தீவை. இரண்டாயிரம் பேர் மட்டும் வாழும் அந்தத் தீவை எளிய எதிரி என்று நினைக்கக் கூடாது. 2018 கோல்ட் கோஸ்டில் ஆண்கள் மூவர் பிரிவில் வெண்கலம் வாங்கிய இடம் அது. இந்த ஆட்டத்தில் ஒரு நாட்டின் பலம் மக்கள்தொகையில் இல்லை, திடல்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. நம்மிடம் விரல் விட்டு எண்ணலாம்: கொல்கத்தாவின் பழைய கிளப்புகள், 2010 டெல்லிப் போட்டிக்காக அமைத்தவை, ராஞ்சியில் நாம்கும் திடல் என்று ஒரு சில.

நால்வரின் வேலை

நால்வர் அணியில் வரிசை ஓர் அடையாளம் மட்டுமில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேலை, வேறு குணம் வேண்டும்.

லவ்லி சௌபே லீட். அப்போது ஜார்க்கண்ட் காவல் துறையில் கான்ஸ்டபிள். முன்பு குறுந்தூர ஓட்டக்காரர். காயத்தால் அதை விட்ட பிறகு, பீகாரில் கிரிக்கெட் அம்பயராக இருந்த மதுகாந்த் பாதக் இவரை இந்த ஆட்டத்துக்கு அழைத்துவந்தார். பாயை விரிப்பதும் ஜாக்கை உருட்டுவதும் முதல் இரண்டு பந்தும் லீடின் வேலை. ஜாக் 23 மீட்டருக்குக் குறைந்தாலோ பக்கவாட்டில் வெளியே போனாலோ எதிரணி லீட் அதை உருட்டுவார். தூரத்தைத் தீர்மானிக்கும் உரிமை அந்த எண்ட்டில் கைமாறிவிடும். லீட் ஆடும்போது வழியில் தடை எதுவும் இல்லை. அதனால் ஜாக்கை ஒட்டி நிறுத்துவதைத் தவிர வேறெதற்கும் அவரிடம் சாக்கு இல்லை. முப்பது சென்டிமீட்டருக்குள் ஒன்று, ஜாக்குக்குப் பின்னால் ஓரடியில் ஒன்று என்றால் நல்ல தொடக்கம். கைதட்டல் பெரும்பாலும் கடைசியாக ஆடி அணியை வழிநடத்தும் ஸ்கிப்புக்குப் போகும், எண்ட்டின் அஸ்திவாரம் போடுவது லீட். அந்தக் கடைசி ஒன்பது புள்ளி ஓட்டத்தில், முதல் எண்ட் போக மற்ற ஒவ்வொன்றும் சௌபேயின் கையிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது. தங்கத்தில் அவர் பங்கு எவ்வளவு என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

பிங்கி செகண்ட். அப்போது டெல்லி ஆர்.கே. புரத்தில் உள்ள டெல்லி பப்ளிக் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை, முன்பு கிரிக்கெட் ஆடியவர். 2010 போட்டிக்கு அந்தப் பள்ளி பயிற்சி இடமாக இருந்தபோது இந்த ஆட்டம் அவருக்கு அறிமுகமானது. லீட் சறுக்கினால் சரிசெய்வதும், லீட் நன்றாக ஆடியிருந்தால் பின்னால் பந்து சேர்ப்பதும் செகண்டின் வேலை. பின்னால் சேர்க்கும் பந்து பார்வைக்கு வீண் போலத் தெரியும். எதிரணி வேகப்பந்தால் அடித்து ஜாக்கைப் பின்னுக்குத் தள்ளினால் அன்றைக்கு அதன் அருமை தெரியும். ஜாக் எப்போது நகர்ந்தாலும் பெரும்பாலும் பின்னோக்கித்தான் நகரும். குட்டையாக முன்னால் நின்ற பந்து அப்போது எதற்கும் உதவாது, பின்னால் நின்ற பந்து புள்ளியாகிவிடும்.

நயன்மோனி சைக்கியா தேர்ட். அஸ்ஸாமின் கோலாகாட் மாவட்டத்து விவசாயக் குடும்பம். பளுதூக்குபவராக இருந்தவர், கால் காயத்துக்குப் பிறகு 2008இல் இந்த ஆட்டத்துக்கு வந்தார். கனமான புல்லில் ஒன்றரைக் கிலோப் பந்தைத் தாழ்ந்து முழங்கால் மடித்து முப்பது முறை விடும் ஒருவருக்குப் பளுதூக்கிய தொடை உதவாமல் போகாது. தேர்டின் முக்கியமான வேலை பந்து விடுவதோடு முடிவதில்லை. நாடாவை எடுத்து அளப்பது தேர்ட்தான். இரண்டு பந்து ஏறக்குறைய சம தூரத்தில் நின்றால் இரு அணித் தேர்டுகளும் மண்டியிட்டு அளப்பார்கள். நாடாவை ஜாக்கில் வைக்கும்போது ஜாக் நகர்ந்தால் அளந்தவர் அணிக்குப் பாதகம். மில்லிமீட்டர் கணக்கில் ஒரு புள்ளி கைமாறும் இடம் அது.

இன்னொன்றும் உண்டு. முதல் மூவர் ஆடும்வரை ஸ்கிப் மறுமுனையில் ஜாக்கின் அருகில் நின்று, எந்தப் பக்கம் விட வேண்டும், எவ்வளவு வலு என்று கையால் காட்டிக்கொண்டிருப்பார். தேர்டுகள் இரண்டு பந்தும் விட்டதும் இடம் மாறுவார்கள். ஸ்கிப் பாய்க்கு வருவார், தேர்ட் ஜாக்கிடம் போவார். நெருக்கடியான கடைசிப் பந்துகளை ரூபா ராணி விடும்போது மறுமுனையில் நின்று அவருக்குக் கண்ணாக இருந்தவர் சைக்கியா. 25, 30 மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் ஜாக்குக்கு முன்னால் நிற்கும் பந்தும் பின்னால் நிற்கும் பந்தும் ஒட்டியிருப்பது போலத்தான் தெரியும். இடையே கால் மீட்டர் வழி இருக்கிறதா இல்லையா என்பதைத் தேர்ட் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் ஸ்கிப் எவ்வளவு நன்றாக விட்டாலும் பந்து முட்டி நிற்கும்.

ரூபா ராணி டிர்க்கி ஸ்கிப். ராஞ்சிக்காரர், முன்னாள் கபடி ஆட்டக்காரர், அப்போது ஜார்க்கண்டில் ராம்கட் மாவட்ட விளையாட்டு அதிகாரி. 2010 டெல்லியிலேயே ஆடியவர்.

அரையிறுதி: விதி கைகொடுத்த இடம்

எதிரே நியூசிலாந்து: செலினா கோடர்ட், நிக்கோல் டூமி, டெய்லா ப்ரூஸ், வால் ஸ்மித். வால் ஸ்மித் 2008 உலக ஒற்றையர் சாம்பியன். இரண்டே எண்ட்டில் இந்தியா 0-5. இப்படி ஆனதும் செய்யக்கூடாத வேலை, ஐந்தையும் ஒரே எண்ட்டில் பிடிக்கப் பார்ப்பது. பெரிய எண்ட்டுக்கு ஆசைப்பட்டு வேகப்பந்துகளை அடிக்கத் தொடங்கினால் ஜாக் எங்கோ போய் எதிரணிக்கு இன்னும் நாலு போகும். ஒன்று, இரண்டு என்று எடுத்துக் கிட்ட வருவதே வழி. இந்தியா அப்படித்தான் வந்தது. ஒன்பது எண்ட் முடிவில் 7-6 என்று முன்னால் இருந்தது.

பதினான்காவது எண்ட்டில் நியூசிலாந்து 13-12 என்று முந்தியது. ஒரு எண்ட் மிச்சம். வென்றது நியூசிலாந்து, ஆகவே ஜாக் அவர்களிடம், கடைசிப் பந்து ரூபா ராணியிடம். ஒரு புள்ளி எடுத்தால் சமன், இரண்டு எடுத்தால் வெற்றி. இந்தியா நான்கு எடுத்தது, 16-13.

நான்கு என்ற எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கடைசிப் பந்தை வெறுமனே ஜாக்கிடம் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த ஒரு பந்து மட்டும் புதிதாகப் புள்ளியாகும். நான்கு கிடைக்க வேண்டுமென்றால், இந்தியாவின் மற்ற பந்துகள் ஏற்கெனவே ஜாக்கைச் சுற்றிக் குவிந்திருக்க வேண்டும். பிறகு கடைசிப் பந்து அந்தக் குவியலோடு சேர வேண்டும், அல்லது எதிரணியின் நல்ல பந்தை அகற்ற வேண்டும், அல்லது ஜாக்கை நம் பந்துகளின் பக்கம் தள்ள வேண்டும். எப்படியானாலும் முன்னால் ஆடிய மூவரின் ஆறு பந்துகள் உரிய இடத்தில் இல்லாமல் அந்த எண் வராது. “ரூபா ராணியின் கடைசிப் பந்து வென்றது” என்று எழுதினார்கள். பந்து அவருடையது. நான்கு புள்ளி நால்வருடையது.

இறுதி ஆட்டம்

தென்னாப்பிரிக்க அணி: தபேலோ முவ்ஹாங்கோ, பிரிஜெட் காலிட்ஸ், எஸ்மே க்ரூகர், ஜோஹானா ஸ்னைமன். 2018இல் இதே பிரிவில் வெள்ளி வென்ற நாடு.

8-2 என்ற முன்னிலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லான் பௌல்ஸில் ஆறு புள்ளி முன்னிலை பார்வைக்குப் பெரிது. எட்டு எண்ட் மிச்சமிருக்கும்போது அது இரண்டு மோசமான எண்ட்டில் கரைந்துவிடும். முன்னால் இருக்கும் அணிகள் செய்யும் வழக்கமான தவறு, முன்னிலையைக் காப்பதில் இறங்கிவிடுவது: ஜாக்கிடம் போகும் பந்துக்குப் பதில் வழியை அடைக்கும் பந்துகளை விடத் தொடங்குவது. அடைப்புப் பந்து சரியான இடத்தில் நின்றால்தான் அடைப்பு. அரை மீட்டர் தள்ளி நின்றால் எட்டில் ஒன்று வீணாயிற்று.

திரும்பிவந்த பிறகு, ஜாக் கையில் இருந்தும் கடைசிப் பந்து எதிரணியிடம் இருந்த எண்ட்களைக் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் நால்வர் ஆட்டத்தின் நுட்பமான பாடம். எதிரணி ஸ்கிப்புக்கு மூன்று வழி உண்டு. முதலாவது, நேரே ஜாக்கிடம் நிறுத்துவது. இதற்கு எதிராக ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் ஆகிய இரு வழிகளிலும் முன்னால் ஒரு பந்தாவது வளைவுக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டும். இரண்டாவது, நம் நல்ல பந்தை மிதமான வேகத்தில் தட்டி விலக்குவது. நமக்கு நெருங்கிய பந்து ஒன்று மட்டுமே இருந்தால் இது எளிது, இரண்டு வெவ்வேறு பக்கத்தில் இருந்தால் ஒன்று போனாலும் மற்றது நிற்கும். மூன்றாவது, முழு வேகத்தில் அடித்துக் கலைப்பது. இதற்குப் பின்னால் நிற்கும் பந்துகளே பதில். மூன்றுக்கும் சேர்த்து எட்டுப் பந்தில் இடம் ஒதுக்க வேண்டும், அதுவும் ஜாக்கிடம் நெருங்கிய பந்தை முதலிலேயே வைத்துவிட்டு. லீட் தவறினால் செகண்ட் அந்த வேலைக்கு இறங்க வேண்டும், பின்னால் நிறுத்த ஆள் இருக்காது. லீட் வைத்துவிட்டால் மற்ற மூவருக்கும் வேலை பிரிந்துவிடும்.

17-10 என்பது இப்படிப் பிரிந்த வேலையின் கணக்கு. அந்தக் கடைசி ஓட்டத்தில், எதிரணி ஸ்கிப் கையில் கடைசிப் பந்து இருந்த எண்ட்கள் ஒன்றிலும் அவருக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

பதக்கத்துக்குப் பிறகு 2022ஆம் ஆண்டு அர்ஜுனா விருது சைக்கியாவுக்கும், 2023ஆம் ஆண்டு விருது பிங்கிக்கும் கிடைத்தன. பெண்கள் இறுதிக்கு நான்கு நாள் கழித்து, 2022 ஆகஸ்ட் 6இல், அதே பூங்காவில் ஆண்கள் நால்வர் இறுதி. சுனில் பகதூர், நவ்நீத் சிங், சந்தன் குமார் சிங், தினேஷ் குமார் ஆடினார்கள். எதிரே வட அயர்லாந்து. 5-18 என்று தோற்று வெள்ளியோடு திரும்பினார்கள். வட அயர்லாந்துக்காரர்கள் வாழ்நாள் முழுக்க ஆடிப் பழகியது இதே மாதிரி ஈரமான, கனமான புல்லில்.